டிராக்டர் எஞ்சினைச் சும்மா ஓடவிடலாமா?

டிராக்டர் வைத்திருக்கும் குடியானவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. மடை திறந்துவிடவோ விதை மூட்டையை இறக்கவோ சற்று நிற்க நேர்ந்தால், எஞ்சினை அணைக்காமலே நிற்கலாமா, அதனால் யந்திரத்துக்குக் கெடுதி நேருமா என்பதே அது. இரண்டொரு நிமிஷத்தால் கெடுதி ஒன்றுமில்லை. ஆனால் வயற்கரையில் நான் காண்பது இரண்டொரு நிமிஷமன்று. பேச்சு வளர்ந்து வெற்றிலை போட்டு முடியும்வரை, அரை மணியும் முக்கால் மணியும் எஞ்சின் வேலையின்றி உறுமிக்கொண்டிருக்கிறது.

எங்கள் வட்டாரத்து விவசாயி ஒருவர், பாட்டரி பலஹீனமாயிருந்ததால், நடவுப் பருவம் முழுவதும் காலையில் கிளப்பிய எஞ்சினை மாலைவரை அணைக்காமலே காலந்தள்ளினார். “அணைத்தால் மறுபடி கிளம்பாதுங்க ஐயா” என்பார். 45 குதிரை சக்தியுள்ள டிராக்டர் வெறுமனே ஓடும்போது மணிக்குச் சுமார் 1 லிட்டர் டீசல் செலவாகும். தினம் 2 மணி வீதம் 40 நாளைக்கு 80 லிட்டர். அந்தப் பணம் ஒரு புதுப் பாட்டரியின் விலையை ஏறக்குறைய எட்டிவிடும். மேலும், எஞ்சின் மெதுவாய்ச் சுழலும்போது ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரமும் சொற்பமே. ஆதலால் பாட்டரிக்கும் அதனால் பெரிய பயனில்லை.

டீசல் செலவு ஒருபுறமிருக்க, எஞ்சினுக்குள் நடப்பது யாதெனில்: பாரமின்றி ஓடும் டீசல் எஞ்சினில் சிலிண்டரின் உஷ்ணம் போதிய அளவு ஏறுவதில்லை. உஷ்ணம் குறைந்தால் எண்ணெய் முற்றும் எரியாது. எரியாத பாகம் நாசில் முனையிலும் வால்வுகளிலும் பிஸ்டன் வளையங்களிலும் கரியாய்ப் படியும். ஒரு பங்கு சிலிண்டர் சுவர்வழியே வழிந்து கீழே மசகெண்ணெயுடன் கலந்து அதை நீர்க்கச் செய்யும். நீர்த்த மசகெண்ணெய் பேரிங்குகளைக் காக்கமாட்டாது. இச்சேதம் ஒருநாளில் தெரிவதன்று. புகை கறுத்து இழுவை குறையும்போதுதான் தெரியவரும்.

காலையில் கிளப்பியதும், மசகெண்ணெய் எங்கும் பரவ அரை நிமிஷம் முதல் ஒரு நிமிஷம்வரை நிறுத்திவைத்தாற் போதும். நம் சீதோஷ்ணத்தில் அதற்குமேல் காய்ச்ச வேண்டியதில்லை. இலேசான வேலையில் மெதுவாய்ச் செலுத்தினால் எஞ்சின் விரைவிலேயே பக்குவப்படும்.

இதற்கு ஒரு விலக்குண்டு. அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டர்போ பொருத்திய எஞ்சினைக் கடும் உழவு முடிந்தவுடன் சட்டென்று அணைக்கலாகாது. டர்போவின் சக்கரம் நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்குமேலும் சுழல்வது. எஞ்சின் நின்றால் மசகெண்ணெய் வரத்தும் நிற்கும். சக்கரமோ தன் வேகத்தில் இன்னும் சுழலும். அதன் சூட்டில் தேங்கிய எண்ணெய் கருகி, பேரிங் கெடும். ஆகவே 2 அல்லது 3 நிமிஷம் மெதுவாய் ஓடவிட்டுப் பிறகே அணைக்க வேண்டும். இங்கே சும்மா ஓடவிடுவது யந்திரத்துக்கு நன்மை.

பெட்ரோல் கார் வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. 10 விநாடிக்குமேல் நிற்பதாயின், மறுபடி கிளப்பச் செலவாகும் பெட்ரோலைவிட ஓடவிட்டு நிற்பதில் செலவாவதே அதிகம். போக்குவரத்து நெரிசலில் மட்டும் இது உசிதமன்று. அங்கே அணைப்பதும் கிளப்புவதும் ஆபத்தை விளைவிக்கக்கூடும்.

காரானாலும் டிராக்டரானாலும், மூடிய கொட்டகைக்குள் ஒருபோதும் ஓடவிடலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயுவுக்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை, உயிரைப் போக்கவல்லது. ஓடும் டிராக்டரை விட்டு ஓட்டுபவர் இறங்கிச் செல்வதும் அவ்வாறே. குழந்தைகள் ஏறிக் கியரைத் தட்டிவிட்டால் வண்டி நகர்ந்துவிடும். ரோட்டாவேட்டர் பூட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

எஞ்சினை நிறுத்தியபின் சாவியையும் திருப்பி எடுத்துக்கொள்வது நலம். அப்படியே விட்டுவந்தால் மீட்டர்களும் விளக்குகளும் இரவெல்லாம் மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். மறுநாட் காலையில் பழி பாட்டரிமேல் விழும்.