முதல் ஆறு ஓவர்



சாரல் காலத்தில் குற்றாலத்துப் பேரருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம் அலைமோதும். 2016ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் ஆட்டங்களும் பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான் நடைபெறுகின்றன; நம் பக்கத்துத் திருநெல்வேலி சங்கர் நகரிலும் பல ஆட்டங்கள் நடந்துள்ளன. தென்காசியில் இஷா தொழுதுவிட்டு வீடு திரும்பும் வாப்பா, பிள்ளை கைபேசியில் ஆட்டம் பார்ப்பதைக் கண்டால் தவறாக எண்ணமாட்டார். ஆட்டத்தை ரசிப்பதில் குற்றமில்லை. ஆனால் பிள்ளை ஆட்டத்தைத்தான் பார்க்கிறானா, அதன்மீது வைத்த பணத்தைப் பார்க்கிறானா?

இருபது ஓவர் ஆட்டத்தின் முதல் ஆறு ஓவர்களில் உள்வட்டத்திற்கு வெளியே இரண்டு தடுப்பாளர்களே நிற்கலாம் என்பது விதி. ஆகவே ரன்கள் விரைந்து குவியும். விக்கெட்டும் எளிதில் விழும். இந்த நிச்சயமின்மைதான் சூதாடிக்கு விருந்து. 'ஆறு ஓவரில் ஐம்பது வருமா, வராதா?' என்று பந்தயம் கட்டுகிறார்கள். அரை மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும். தோற்றவன் எழுந்து போவதில்லை. விட்டதைப் பிடிக்க அடுத்த ஓவர்களின்மீது பணம் வைக்கிறான். ஒரே இரவில் பலமுறை தோற்க வழி செய்வதே இந்தச் சூதின் சூட்சுமம்.

கணக்கையும் சற்றுப் பாருங்கள். நூறு ரூபாய் வைத்து வென்றால் தொண்ணூறு ரூபாய் லாபம், தோற்றால் நூறும் போய்விடும் என்று வைத்துக்கொள்வோம். இருபது முறை ஆடி, சரிபாதி வென்றாலும் வரவு 900, இழப்பு 1,000. பாதி வென்றவனுக்கே நூறு ரூபாய் நஷ்டம்! அந்த நூறு, 'புக்கி' எனப்படும் தரகரின் பைக்குப் போகிறது.

'எனக்கு ஆட்டம் நன்றாகத் தெரியும்' என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2010 ஆகஸ்டில் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில், பாகிஸ்தான் வீரர் முகம்மது ஆமிர் மூன்றாவது ஓவரின் முதல் பந்தை 'நோ பால்' ஆக வீசினார். அது முன்கூட்டியே விலை பேசப்பட்ட பந்து. 2011 நவம்பரில் லண்டன் நீதிமன்றம் தலைவர் சல்மான் பட்டுக்கு 30 மாதமும், முகம்மது ஆசிபுக்கு 12 மாதமும், ஆமிருக்கு 6 மாதமும் சிறைத் தண்டனை விதித்தது. குற்றம் நடந்தபோது ஆமிருக்கு வயது 18. உலகமே வியந்த திறமை, சூதாடிகளின் பணத்தால் கறைபட்டது. பந்தையே விலைக்கு வாங்கும் இடத்தில் உங்கள் கிரிக்கெட் அறிவு எதற்கு உதவும்?

திருக்குர்ஆன் ஐந்தாவது அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் மதுவோடு சேர்த்துச் சூதையும் விலக்கியுள்ளன. அது பகையை மூட்டுவதையும் தொழுகையை விட்டுத் தடுப்பதையும் காரணமாகக் காட்டுகின்றன. நாட்டின் சட்டமும் இன்று இதற்கு எதிராகவே நிற்கிறது. தமிழக அரசு 2022இல் இணையச் சூதாட்டத்தைத் தடை செய்து சட்டம் இயற்றியது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க 2025இல் நடுவண் அரசும் சட்டம் கொண்டு வந்தது. எனினும் சட்டம் வீட்டு வாசல்வரைதான் வரும். உள்ளே பார்க்கவேண்டியவர்கள் நாம்.

பெற்றோர்களே! பிள்ளை அடிக்கடி கடன் கேட்கிறானா, நள்ளிரவில் விழித்திருக்கிறானா, ஸ்கோரைப் பார்த்து முகம் வெளிறுகிறானா என்று கவனியுங்கள். உண்மை தெரிந்ததும் ஊரறிய அவமானப்படுத்தாதீர்கள். அச்சம் கடனை மறைக்கவே தூண்டும். கடன் எவ்வளவு என்பதை முழுவதும் சொல்ல வையுங்கள். அடைக்க உதவுங்கள், ஆனால் பணத்தை அவன் கையில் கொடுக்காதீர்கள். உம்மாவின் வளையல் அடகுக்குப் போகுமுன் இந்தப் பேச்சு நடந்தாகவேண்டும்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீரென வெள்ளம் பெருகி ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனதை நாம் மறக்கவில்லை. வெள்ளம் வரும்போது தண்ணீரின் ஓரத்தில் நிற்பவனை அழைத்து வருவது எளிது. நடுவில் நிற்பவனை மீட்பது அரிது. முதல் ஆறு ஓவர் என்பது அந்த ஓரம். அங்கேயே பிள்ளையின் கையைப் பிடித்துவிடுங்கள்!