ரொசெட்டா (மென்பொருள்)

ரொசெட்டா என்பது, பவர்பிசி நுண்செயலிகளுக்கென எழுதப்பட்ட நிரல்களை இன்டெல் நுண்செயலி கொண்ட மாக்கின்டோசு கணினிகளில் இயக்குவதற்காக ஆப்பிள் நிறுவனம் 2006 ஆம் ஆண்டு வெளியிட்ட மொழிமாற்று மென்பொருள் ஆகும். எகிப்தில் 1799 இல் கண்டெடுக்கப்பட்ட, ஒரே ஆணையை மூன்று எழுத்துமுறைகளில் தாங்கிய ரொசெட்டாக் கல்லின் பெயர் இதற்கு இடப்பட்டது.

பின்னணி

பவர்பிசியிலிருந்து இன்டெல்லுக்கு மாறவிருப்பதாக ஆப்பிள் சூன் 2005 இல் அறிவித்தது. மாக் ஓஎஸ் எக்ஸ் 10.4 இயங்குதளம் இருவகைக் கணினிகளுக்கும் கிடைத்தது. எனினும், இயங்குதளமும் பதிப்பும் ஒன்றாயிருப்பதால் மட்டும் ஒரு நிரல் இரண்டிலும் இயங்கிவிடாது. நிரல்கள் நுண்செயலிக்குரிய கட்டளைகளாகவே சேமிக்கப்படுகின்றன. ஒன்றன் கட்டளைகள் மற்றொன்றுக்குப் புரியா. எண்களை நினைவகத்தில் வைக்கும் ஒழுங்கும் வேறுபடும். எடுத்துக்காட்டாக, 1 என்னும் எண்ணை நான்கு பைட்டுகளில் வைக்கும்போது பவர்பிசி மாக் 0, 0, 0, 1 என்றும், இன்டெல் மாக் 1, 0, 0, 0 என்றும் வைக்கும்.

செயற்படும் விதம்

டிரான்சிட்டிவ் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைக் கொண்டு உருவான ரொசெட்டா, நிரல் இயங்கும்போதே அதன் கட்டளைகளைப் பகுதி பகுதியாக மாற்றியது. மாற்றிய பகுதிகளை நினைவகத்தில் வைத்துக்கொண்டு மீண்டும் பயன்படுத்தியது. பயனர் இதனைத் தனியே தொடக்க வேண்டியதில்லை. இருவகைக் கட்டளைகளையும் ஒரே கோப்பில் கொண்ட "யுனிவர்சல் பைனரி" நிரல்களுக்கு இம்மாற்றம் தேவைப்படவில்லை.

வரையறைகள்

பின்வருவன ரொசெட்டாவில் இயங்கவில்லை:

* மாக் ஓஎஸ் 9 மற்றும் அதற்கு முந்தைய பதிப்புகளுக்கான நிரல்கள்
* இயங்குதளத்தின் கருவுடன் இணையும் நீட்சிகள்
* ஜி5 நுண்செயலியைக் கட்டாயம் வேண்டும் நிரல்கள்

மேலும், இன்டெல்லுக்கான நிரலொன்றினுள் பவர்பிசிக்கான செருகுநிரலைச் சேர்க்க இயலவில்லை.

கைவிடப்படல்

2009 இல் வெளியான 10.6 பதிப்பில் ரொசெட்டா விருப்பத்தேர்வாக மட்டும் இருந்தது. 2011 இல் வெளியான 10.7 பதிப்பில் முற்றிலும் நீக்கப்பட்டது. இதனால், அதே கணினியில் இயங்குதளத்தை மட்டும் புதுப்பித்தவர்களும் தம் பவர்பிசி நிரல்களை இயக்க முடியாமற்போயிற்று. அந்நிரல்களால் மட்டுமே திறக்கக்கூடிய ஆவணங்களை வைத்திருந்தோருக்குப் பழைய பதிப்பைப் பேண வேண்டிய தேவை ஏற்பட்டது. வன்பொருள் மாறாதபோதும் பொருந்துதன்மை இழக்கப்படலாம் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

ரொசெட்டா 2

ஆப்பிள் 2020 இல் தன் சொந்த எம்1 நுண்செயலிக்கு மாறியபோது, இன்டெல் நிரல்களை இயக்க ரொசெட்டா 2 மென்பொருளை வெளியிட்டது. இது பெரும்பாலான கட்டளைகளை நிரல் இயங்குவதற்கு முன்பே மாற்றிவிடுகிறது.