வேட்டைக் குண்டின் தேர்வு

வட அமெரிக்கக் காடுகளில் மானையும், எல்க் என்னும் பெருமானையும் வேட்டையாடுவோர் ரைபிள் குண்டின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். ஈயத்தின்மேற் செம்புறையிட்ட குண்டு, உடலிற் பட்டவுடன் நுனி மலர்ந்து அகன்ற புண் உண்டாக்கவேண்டும். இருதயமும் நுரையீரலும் உள்ள இடம்வரை ஊடுருவவும் வேண்டும். இவ்விரு குணங்களும் தம்முள் மாறுபட்டவை. மிக மலர்வது ஆழச் செல்லாது. மலராதது சிறு துளையிட்டு அப்பாற் போய்விடும்.

வெண்வால் மான் மெல்லுடலுடையது; அதற்கு விரைந்து மலரும் குண்டே போதும். ஆண் எல்க்கோ ஏறக்குறைய 700 ராத்தல் நிறையுள்ளது. அதன் தோளெலும்பிற் பட்டு மெல்லிய குண்டு சிதறிப்போம். 1946-ஆம் ஆண்டிற் கானடாவில், மூஸ் என்னும் பெருவிலங்கின்மேல் தம் குண்டுகள் இங்ஙனம் பயனற்றுப்போகக் கண்ட ஜான் நாஸ்லர் என்பார், நடுவே செம்புத் தடுப்புள்ள குண்டொன்றை அமைத்தார். அதன் முற்பாதி மலரும். பிற்பாதி குலையாது உட்செல்லும்.

இக்காலத்தில் முழுதும் செம்பினாலாகிய குண்டுகளும் உள. வேட்டையிற் கழித்த குடலிலே சிதறிக் கிடக்கும் ஈயத்தை உண்டு கான்டர் என்னும் பெருங்கழுகுகள் மடிவதால், கலிபோர்னியாவில் 2019 முதல் எவ்வகை வேட்டைக்கும் ஈயக்குண்டு விலக்கப்பட்டுள்ளது.

பொருந்தாக் குண்டு பட்ட விலங்கு புதரிற் புகுந்து நெடுநேரம் துன்புற்று மடியும். அத்துன்பத்தை ஒழித்தல் வேட்டைக்காரன் கடன். அக்கடன் குண்டைத் தெரியும்போதே தொடங்குகின்றது.