நின்று கிடந்த வண்டி: விலையோடு பாக்கியும் சேர்ந்து வரும்

கரும்புப் பணம் கைக்கு வந்ததும் மணவூர், திருவாலங்காடு வட்டாரத்தில் பழைய வண்டி பற்றிய பேச்சும் கூடவே வருவதுண்டு. "ஒருத்தர் வீட்டில் வண்டி சும்மா நிற்கிறது. ரெண்டு வருஷமாக எடுக்கவில்லை. அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும்" என்று தரகர் சொல்வார். காய்கறியும் பாலும் பூவும் திருத்தணிக்கும் திருவள்ளூருக்கும் கொண்டு போக வாடகை கொடுத்துக் களைத்த சிறு விவசாயிக்கு இது நல்ல யோசனையாகவே தோன்றும்.

யோசனை தவறல்ல. ஆனால் ஓடும் வண்டியை வாங்குவது வேறு, ஓடாமல் நின்ற வண்டியை வாங்குவது வேறு. வண்டி நின்றாலும் அதன் காகிதங்களின் கெடு நிற்பதில்லை. வரி, எஃப்.சி., இன்சூரன்ஸ், ஆர்.சி. புத்தகம் ஆகிய ஒவ்வொன்றின் கெடுவும் முடிந்துகொண்டே போகும். அவற்றைச் சரிக்கட்டும் செலவு கடைசியில் வாங்கியவர் தலையில்தான் விழும்.

காரா, சரக்கு வண்டியா?

முதலில் ஆர்.சி. புத்தகத்தில் வண்டி எந்த இனத்தில் பதிவாகி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சொந்த உபயோகக் கார், ஜீப் ஆகியவற்றுக்கு ஒரு சட்டம். குட்டி யானை, மினி லாரி போன்ற சரக்கு வண்டிகளுக்கு வேறு சட்டம்.

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருஷம் செல்லும். அதன் பிறகு வண்டியைக் காட்டி 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 15 வருஷம் ஆனாலே வண்டி காயலான் கடைக்குப் போய்விட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் அப்படி இல்லை. வண்டி தகுதியாக இருந்தால் புதுப்பித்து ஓட்டலாம்.

சரக்கு வண்டிக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று அவசியம். 8 வருஷம் வரை உள்ள வண்டிக்கு 2 வருஷத்துக்கு ஒரு முறை. 8 வருஷம் கடந்தால் வருஷா வருஷம். எஃப்.சி. இல்லாத சரக்கு வண்டி, சட்டத்தின் கண்ணில் பதிவே இல்லாத வண்டிக்குச் சமம். சரக்கோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சிறு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை என்பது மட்டும் ஒரு சலுகை.

வரியிலும் வித்தியாசம் உண்டு. ஆயுட்கால வரி கட்டிய கார் எத்தனை வருஷம் நின்றாலும் அந்த வரியில் பாக்கி ஏறாது. ஆனால் 15 வருஷம் கடந்து புதுப்பிக்கும்போது பசுமை வரி உண்டு. தவணை முறையில் வரி கட்டும் சரக்கு வண்டியோ, நின்ற காலத்துக்கும் பாக்கி வைத்துக்கொண்டே போகும். அந்தப் பாக்கி தீராமல் பெயர் மாற்றமும் நடக்காது, எஃப்.சி.யும் கிடைக்காது.

நிற்கும் வண்டிக்கு வரி ஏன்?

"ரோட்டிலேயே ஓடாத வண்டிக்கு என்ன வரி?" என்று கேட்பது நியாயம்தான். இதே கேள்வி பக்கத்து ஆந்திரத்திலிருந்து சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. விசாகப்பட்டினம் உருக்காலையின் சுற்றுச் சுவருக்குள் மட்டுமே ஓடிய லாரிகளுக்கு வரி கேட்டதை எதிர்த்து, அவற்றின் சொந்தக்காரரான நிறுவனம் வழக்குப் போட்டது. பொது இடத்தில் உபயோகிக்காத, உபயோகிக்க வைத்திருக்காத வண்டிக்கு வரி இல்லை என்று 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக் கூறியது.

இதைக் கேட்டுவிட்டு, கொட்டகையில் நின்ற வண்டிக்கு வரியே இல்லை என்று இருந்துவிடக் கூடாது. அந்த நிறுவனம் ஆண்டுக்கணக்கில் கோர்ட் படி ஏறித்தான் நியாயம் பெற்றது. அந்த லாரிகள் மதிலுக்குள் ஓடியதற்கு அதனிடம் ஆதாரமும் இருந்தது. மணவூரில் புளிய மரத்தடியில் நின்ற வண்டி ரோட்டுக்கு வரவில்லை என்று பிறகு யார் சாட்சி சொல்வது? வண்டியை நிறுத்தப் போவதாக முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அதற்கு அத்தாட்சி வாங்கி வைப்பதே வழி. விற்பவர் அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று கேட்க வேண்டும். வாய்ச்சொல் போதாது, காகிதத்தைக் காட்டச் சொல்ல வேண்டும்.

பிரிட்டனிலும் இப்படி ஒரு முறை 1998 முதல் உண்டு. அங்கே வண்டியை ரோட்டில் விடாதவர் அதை அரசாங்கத்துக்கு அறிவித்துவிட வேண்டும். அறிவித்த வண்டியை, முன்பதிவு செய்த பரிசோதனைக்கு ஓட்டிப் போவதற்குத் தவிர ரோட்டில் எடுக்கக் கூடாது. 2014 அக்டோபர் முதல் அங்கே வண்டி கை மாறினால் பழைய வரியும் கூட வராது. வாங்கியவர் புதிதாகக் கட்ட வேண்டும். நம் ஊரில் பழைய பாக்கியும் வண்டியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

ஒரு கணக்கு

உதாரணமாக, பதிவுக் கெடு முடிந்து 3 வருஷம் நின்ற காரை 60 ஆயிரம் ரூபாய்க்குப் பேசுவதாக வைத்துக்கொள்வோம். 2021 அக்டோபரில் வெளியான மத்திய அரசு அறிவிப்பின்படி, காரின் பதிவைப் புதுப்பிக்கத் தாமதமானால் மாதம் ஒன்றுக்கு ரூ.500 கூடுதல் கட்டணம். 36 மாதத்துக்கு இது மட்டும் ரூ.18,000. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் காருக்கு ரூ.5,000 ஆயிற்று. 20 வருஷம் கடந்த காருக்கு 2025 ஆகஸ்டில் ரூ.10,000 ஆக்கப்பட்டது. இத்தோடு பசுமை வரி, இன்சூரன்ஸ், டயர், பேட்டரி என்று சேர்த்தால் 60 ஆயிரம் ரூபாய்க் கார் 1 லட்சத்தைத் தொட்டுவிடும்.

சரக்கு வண்டிக்கு இன்னும் கடுமை. அதே அறிவிப்பில், எஃப்.சி. முடிந்த பிறகு தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.50 என்று இருக்கிறது. 2 வருஷம் என்றால் 730 நாள், ரூ.36,500. வரிப் பாக்கி இதற்கு மேல் தனி.

இந்தக் கட்டணங்கள் அடிக்கடி மாறுகிறவை. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வண்டி நம்பரோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போய், அன்றைய தேதிக்கு என்ன கட்ட வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மத்திய அரசின் 'பரிவாகன்' இணையதளத்தில் வண்டி நம்பரைக் கொடுத்தால் பதிவுக் கெடு, எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி ஆகியவை எந்தத் தேதி வரை உள்ளன என்பது தெரியும். பைனான்ஸ் கடன் பாக்கி உண்டா, போலீஸ் அபராதச் சலான் நிற்கிறதா என்றும் பார்க்கலாம். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் சில நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பிறகு விற்பவரிடம் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு விலை பேசலாம்.

எல்லை தாண்டி வரும் வண்டி

திருத்தணி 1960 ஏப்ரல் 1-ல்தான் ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. உறவும் வியாபாரமும் இன்றும் நகரி, புத்தூர் பக்கம் போய் வருகின்றன, வண்டிகளும் அப்படியே. சித்தூர் மாவட்டத்து ஏ.பி.03 வண்டி ஒன்று விலை குறைவாகக் கிடைத்தால் அதில் கூடுதல் வேலை உண்டு என்று அறிய வேண்டும். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கத்திய நம்பர் வாங்கியாக வேண்டும். அதற்கு அங்கத்திய அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை. அது 28-ம் நம்பர் படிவம். தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். டில்லியில் பழைய டீசல் வண்டிகளுக்குத் தடை வந்த பிறகு அங்கிருந்து தெற்கே வரும் கார்களுக்கும் இதே கதைதான். தடையில்லாச் சான்று கைக்கு வராமல் முழுப் பணம் கொடுப்பது கூடாது.

வண்டியைப் பார்க்கும் முறை

நின்ற வண்டிக்கு ஓட்டத் தேய்மானம் குறைவு என்று சொல்வார்கள். ஆனால் நிற்பதால் வரும் கேடுகள் வேறு. தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போக வேண்டும். துருவால் நம்பர் அழிந்திருந்தால் பின்னால் தொல்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே நின்ற வண்டிக்கு அடிப்பாகம் துரு ஏறியிருக்கும். கால் மிதிக்கும் தகட்டையும் சேஸையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்கலாம். உள்ளே இறங்கினால் வண்டியை விட்டுவிடுவதே நல்லது.

டயரில் பூ நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கக் கூடும். டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் வருஷத்தையும் காட்டும். 2318 என்றால் 2018-ம் வருஷம் 23-வது வாரம்.

எலி கடித்த வயர், ஏர் பில்டரிலும் சைலன்சரிலும் குளவிக் கூடு, சிலிண்டரில் ஒட்டிப்போன பிரேக், சக்கரத்தோடு ஒட்டிக்கொண்ட கிளட்ச் பிளேட் ஆகியவை நின்ற வண்டியில் சகஜம். டாங்கியில் பழைய பெட்ரோல் பிசின் போல ஆகியிருக்கும். டீசலில் தண்ணீர் சேர்ந்திருக்கும்.

உடனே சாவி போட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லக் கூடாது. பழைய எரிபொருளை இறக்கிவிட்டு, பிளக் அல்லது இன்ஜெக்டரைக் கழற்றிச் சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டு, இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றினால்தான் மேற்கொண்டு பேச்சு. பிறகு இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், ரப்பர் குழாய், பெல்ட் ஆகியவற்றைப் புதிதாக மாற்றியே ஓட்ட வேண்டும்.

எதை முதலில் செய்வது?

வாங்கிய அன்றே வீட்டுக்கு ஓட்டி வருவதுதான் பலருக்கும் ஆசை. அங்கேதான் ஆபத்து. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை ரூ.2,000, மறு தடவை ரூ.4,000 அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை. அபராதமாவது சிறு தொகை. வழியில் ஒருவர் மேல் மோதி உயிருக்குச் சேதம் வந்தால், கோர்ட் தீர்மானிக்கும் நஷ்ட ஈட்டைச் சொந்தப் பணத்தில் கொடுக்க வேண்டும். இரண்டு ஏக்கர் நிலத்தை விற்றாலும் அது அடையாமல் போகலாம். ஆகவே வண்டியை வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவதே பத்திரம்.

முதலில் பழுது பார்த்தல், அடுத்து இன்சூரன்ஸ், புகைச் சான்று. பிறகு வரிப் பாக்கி. அதன் பின் பரிசோதனைக்கு விண்ணப்பம். காரின் பதிவைப் புதுப்பிக்க 25-ம் நம்பர் படிவம். பெயர் மாற்றத்துக்கு 29, 30. சொந்தக்காரர் இறந்து வாரிசுகளிடம் நிற்கும் வண்டியானால் முதலில் வாரிசு பெயருக்கு மாற வேண்டும், அதற்கு 31. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட வெறும் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு "பிறகு மாற்றலாம்" என்று இருப்பது இருவருக்கும் கெடுதல்.

டி.என்.20 திருவள்ளூர் வட்டாரத்தின் நம்பர். குறித்த நாளில் வண்டியைக் கழுவித் துடைத்து ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் பிரேக், ஸ்டியரிங், விளக்குகள், ஹாரன், வைப்பர், டயர், நம்பர் பிளேட் எல்லாவற்றையும் பார்ப்பார். அணைந்த ஒரு விளக்குக்காகத் திரும்பி வந்தால் ஒரு நாள் வேலை கெடும். முதல் நாள் மாலையே வீட்டில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம்.

விற்கிறவருக்கும் ஒரு வார்த்தை

வண்டியைக் கொடுத்துப் பணம் வாங்கியதோடு விட்டது தொல்லை என்று விற்பவர் நினைக்கக் கூடாது. கை மாறிக் கை மாறிப் போன வண்டி விபத்தில் சிக்கினாலும், ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் உள்ளதோ அவரே சொந்தக்காரர் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. எந்த ஊரிலோ யாரோ ஓட்டிய வண்டிக்கு இங்கே சம்மன் வரும்.

இனி ஓடவே ஓடாது என்று தெரிந்த வண்டியை வெறுமனே நிறுத்தி வைப்பதிலும் லாபம் இல்லை. அப்படிப்பட்ட வண்டியை 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஆர்.சி. புத்தகத்தைக் கொடுத்துப் பதிவை ரத்து செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. அதன் பின் வரியும் ஏறாது, வழக்கும் வராது.

மாடு வாங்கும்போது பல்லைப் பார்த்து, சுழி பார்த்து, ஏரில் பூட்டிப் பார்த்து வாங்குவது நம் வழக்கம். நின்ற வண்டிக்கும் அதே நிதானம் வேண்டும். விலை, பாக்கி, பழுது மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்து, அந்தத் தொகைக்கு ஓடுகிற வண்டியே கிடைக்குமானால் அதை வாங்குவதே சிறு விவசாயிக்கு லாபம்.