கம்மி மிட்டாயில் அமுக்கராக் கிழங்கு

புது தில்லியின் கோல் மார்க்கெட்டுக்கு அப்பெயரைத் தந்தது, சாலை வட்டத்தின் நடுவே 1921ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட பன்னிரண்டு பக்கச் சந்தைக் கட்டடம். அதன் கடைகள் வெளியேறி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஆயினும் சுற்றிலுமுள்ள இனிப்பகங்களும் மருந்துக் கடைகளும் அரசு ஊழியர் குடியிருப்புகளும் அவ்வட்டாரத்தை இன்றும் சந்தையாகவே வைத்திருக்கின்றன. மந்திர் மார்கில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருப்பதால், மாலை வேளைகளில் இங்கே தமிழ்ப் பேச்சு காதில் விழுவது புதுமையன்று.

இவ்வட்டாரத்தில் மகளுடன் வசிக்கும் அம்மையார் ஒருவர், சென்ற ஆண்டின் கோடையில் தம் கணக்குப் புத்தகத்துடன் வங்கிக்கு வந்தார். குடும்ப ஓய்வூதியம் பெறுபவர். "தம்பி, மாதா மாதம் தொள்ளாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் என் கணக்கிலிருந்து போகிறது. யார் எடுக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்பது அவருடைய கோரிக்கை. பார்த்தோம். தானியங்கிப் பற்று, நான்கு மாதங்களாக. பெறுபவர், இணையவழியில் உடல்நலப் பொருள்கள் விற்கும் ஒரு நிறுவனம். அம்மையார் சற்று யோசித்துவிட்டு, "அடடா, அது அந்த மிட்டாய் அல்லவா!" என்றார்.

அந்த மிட்டாயைப் பற்றியதே இக்கட்டுரை. அவருடைய இசைவுடன், பெயரைத் தவிர்த்து எழுதுகிறோம்.

மகள் அன்போடு வாங்கிக் கொடுத்தது அது. தாய்க்கு இரவில் உறக்கம் சரியாக வருவதில்லை. மாத்திரை என்றால் தாய் முகம் சுளிப்பார். செந்நிறத்தில், பழச்சுவையில், மென்று விழுங்கக்கூடிய அசுவகந்தா கம்மி என்றால் மறுக்க மாட்டார். அவ்வாறே நடந்தது. நாளுக்கு இரண்டு என்பது சில நாள் மூன்றாகவும் ஆனது. இடையே தைராய்டு குறைபாட்டுக்காக அவர் பல்லாண்டுகளாக உட்கொண்டுவரும் மாத்திரையின் அளவைச் சரிபார்க்கும் இரத்தப் பரிசோதனையில் எண்கள் முன்பு போல் இல்லை. "வேறு ஏதேனும் சாப்பிடுகிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். "ஒன்றுமில்லை" என்று இவர் விடையளித்திருக்கிறார். பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. மிட்டாயை மருந்துக் கணக்கில் சேர்த்துச் சொல்ல யாருக்குத் தோன்றும்?

அசுவகந்தா என்று வடமொழிப் பெயரால் இன்று உலகெங்கும் விற்கப்படுவது, நம் நாட்டு மருந்துக் கடையின் அமுக்கராக் கிழங்குதான். அமுக்கிராங்கிழங்கு என்றும் சொல்வர். கிழங்கு என்று அழைத்தாலும் உண்மையில் அது வேர். கத்தரி, தக்காளி, தூதுவளை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி. பச்சை வேரின் மணம் குதிரையை நினைவூட்டுவதால் வடமொழிப் பெயர் வந்தது. விதானியா சோம்னிஃபெரா என்னும் தாவரவியல் பெயரின் பிற்பகுதிக்கு உறக்கம் தருவது என்று பொருள். மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் மாவட்டங்களில் இது பணப்பயிர். இராசத்தானின் நாகௌர் பெயரைத் தாங்கிய நாகௌரி வகைக்கு வணிகத்தில் தனி மதிப்பு உண்டு. பருவமழையில் விதைத்துக் குளிர்காலத்தின் முடிவில் வேரோடு பிடுங்கி, காயவைத்து, தடிப்பைக் கொண்டு தரம் பிரிப்பர். ஒடித்தால் சட்டென்று முறிந்து உள்ளே வெள்ளையாக இருப்பது நல்ல வேர். கோல் மார்க்கெட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள காரி பாவ்லி மொத்தச் சந்தையில் இதைச் சாக்கு மூட்டைகளில் காணலாம்.

'அடாப்டோஜென்' என்னும் சொல் 1940களில் சோவியத் அறிவியலாளர் நிகோலாய் லாசரெவ் வகுத்தது. உடலும் உள்ளமும் நெருக்கடியைத் தாங்கப் பழகுவதற்கு உதவும் பொருள் என்பது அதன் கருத்து. கம்மிக் குப்பிகளின் முகப்பில் இச்சொல் பெரிதாக அச்சிடப்படுவதால் இங்கே குறிக்கிறோம். மற்றபடி அதனால் வாங்குபவருக்குத் தெரியவருவது சொற்பமே.

சித்த மருத்துவத்தில் இவ்வேரை அப்படியே பயன்படுத்துவதில்லை. பானையில் பாலை வைத்து, வாயில் துணி கட்டி, அதன்மேல் வேர்ப்பொடியைப் பரப்பி ஆவியில் பிட்டவியல் செய்து, உலர்த்தித் தூய்மைப்படுத்துவர். அமுக்கராச் சூரணத்தின் செய்முறை வங்கி வாடிக்கையாளர்களுக்குச் சுவையாக இருக்கும். கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பு! கூட்டு வட்டியை விளக்க இதைவிட எளிய பாடம் கிடைக்காது. மொத்தம் 255 பங்கில் அமுக்கரா ஏறத்தாழக் கால் பங்கு, சர்க்கரை பாதி. ஆக, கசப்பு வேரை இனிப்பில் ஒளித்துக் கொடுப்பது இன்றைய புத்தாக்கம் அன்று. நம் முன்னோரும் அதைச் செய்தனர். வேறுபாடு ஒன்று உண்டு. சூரணத்தைப் பாலில் கலந்து உட்கொள்பவர் எவரும் அதை மருந்தல்ல என்று எண்ணியதில்லை.

இனி, வேர் எவ்வாறு மிட்டாய் ஆகிறது என்று பார்ப்போம். உலர்ந்த வேரைப் பொடித்து, நீரிலோ நீர் கலந்த சாராயத்திலோ ஊறவைத்து, வடித்து, ஈரத்தை நீக்கினால் கிடைக்கும் செறிந்த பொடியே சாரம். வேரின் குணத்துக்குப் பெரிதும் காரணமாகக் கருதப்படும் விதனோலைடு என்னும் சேர்மங்கள், வெறும் வேர்ப்பொடியில் பொதுவாக நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. சாரத்தில் அவற்றை ஐந்து விழுக்காடு, பத்து விழுக்காடு என்று உயர்த்த முடியும்.

கம்மி என்பது சர்க்கரைப் பாகும் குளுக்கோஸ் பாகும் கெட்டியாக்கும் பொருளும் சேர்ந்த கூழ். கெட்டியாக்குவதற்கு இரண்டு வழிகள். ஒன்று, விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின். மற்றொன்று, ஆப்பிள் சக்கையிலிருந்தும் எலுமிச்சை வகைப் பழங்களின் தோலிலிருந்தும் எடுக்கும் பெக்டின். ஜெலட்டின் கூழ் 35 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்திலேயே தளரத் தொடங்கிவிடும். தில்லியின் மே மாத வெயிலில் இருசக்கர வண்டியின் பெட்டிக்குள் பயணம் செய்யும் குப்பியைத் திறந்தால், முப்பது மிட்டாய்க்குப் பதில் ஒரே கட்டியாக இருப்பதன் காரணம் இதுவே. பெக்டின் அதைவிட வெப்பம் தாங்கும், சைவமும் ஆகும். ஆனால் அது இறுகப் புளிப்பு வேண்டும், சர்க்கரையும் மிகுதியாக வேண்டும். பாகை நீரின் கொதிநிலைக்கு மேலே காய்ச்சி, இறுதியில் புளிப்பைச் சேர்த்து, இறுகிவிடுமுன் விரைந்து அச்சுகளில் ஊற்ற வேண்டும்.

அச்சூட்டிலும் புளிப்பிலும்தான் சாரத்தைக் கலக்க வேண்டியிருக்கிறது. முன்னதாகவே சேர்த்தால் நெடுநேரம் வேகும். பிந்திச் சேர்த்தால் திரளும், ஒரு மிட்டாயில் மிகுந்தும் அடுத்ததில் குறைந்தும் போகும். மிகுதியாகச் சேர்த்தால் கூழ் சரியாக இறுகாது, கசப்பும் மறையாது. மூன்று கிராம் எடையுள்ள மிட்டாய்க்குள் எவ்வளவு சாரம் அடக்க முடியும் என்பதற்கு இவையெல்லாம் சேர்ந்து எல்லை வகுக்கின்றன. பேச்சுத் தமிழில் 'கம்மி' என்றால் குறைவு. ஆங்கிலப் பெயர் வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் பெயர் பொருந்தத்தான் செய்கிறது.

எவ்வளவு கம்மி என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அசுவகந்தா மன அழுத்தத்தைத் தணிக்கிறது என்பதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வு, 2012இல் வெளியானது. ஐதராபாத்தில் 64 பேரிடம் 60 நாள்கள் நடத்தப்பட்டது. ஐந்து விழுக்காடு விதனோலைடு கொண்ட வேர்ச் சாரம், வேளைக்கு 300 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை, உறையிட்ட மாத்திரையாகக் கொடுக்கப்பட்டது. அதாவது 600 மில்லிகிராம் சாரம், 30 மில்லிகிராம் விதனோலைடு. மிட்டாய் ஒன்றில் 150 மில்லிகிராம் சாரம் இருப்பதாகக் கொண்டால், அந்த அளவை எட்ட நாளுக்கு நான்கு மிட்டாய் வேண்டும். ஒன்றுக்கு இரண்டு கிராம் சர்க்கரை என்றால் எட்டு கிராம் சர்க்கரையும் கூடவே உள்ளே போகும். நீரிழிவு உள்ளவர் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

சில குப்பிகளில் '300 மில்லிகிராம் வேருக்கு இணை' என்ற சொற்றொடரைக் காண்கிறோம். பத்துப் பங்கு வேரிலிருந்து ஒரு பங்கு எடுக்கப்பட்ட சாரமானால், உள்ளே இருப்பது 30 மில்லிகிராமே. எழுதியதில் பொய் இல்லை. படிப்பவர்தான் 'இணை' என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறார். முகப்பை விடப் பின்பக்கத்துச் சிற்றெழுத்தை நம்புவதே நல்லது. அங்கே சாரம் எத்தனை மில்லிகிராம், விதனோலைடு எத்தனை விழுக்காடு, வேரா இலையா என்ற மூன்றும் இருக்க வேண்டும். இலையில் எடுப்பது மலிவு. ஆனால் மருந்துகளில் அசுவகந்தா இலையைப் பயன்படுத்துவதைத் தவிர்க்குமாறு ஆயுஷ் அமைச்சகம் 2021இல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும், சைவத்துக்குரிய பச்சை வட்டக் குறியும் அதே பக்கத்தில் கிடைக்கும். அம்மையாரின் குப்பியில் இருந்தது பழுப்பு முக்கோணம். பிறந்தது முதல் சைவமான அவருக்கு இதைச் சொல்ல நமக்கே தயக்கமாக இருந்தது.

உணவுத் துணைப்பொருளாக விற்கப்படுவதில் 'மருந்துப் பயன்பாட்டுக்கு அன்று' என்ற வாசகம் இருந்தாக வேண்டும் என்பது விதி. அதைக் கண்டு, மருந்தின் தீமையும் இதில் இல்லை என்று கொள்வோர் பலர். அசுவகந்தா தைராய்டுச் சுரப்பை உயர்த்தக்கூடும். ஆகவே அதற்கு ஏற்கெனவே மாத்திரை உட்கொள்பவருக்கு அளவு மீறலாம். நீரிழிவு, இரத்த அழுத்தம், உறக்கம் ஆகியவற்றுக்கான மருந்துகளோடும், நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகளோடும் இது குறுக்கிடக்கூடும். கருவுற்ற தாய்மார் தவிர்க்க வேண்டும். ஐசுலாந்திலும் அமெரிக்காவிலும் இதை உட்கொண்ட ஐவருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை மருத்துவர்கள் 2020இல் பதிவு செய்தனர். டென்மார்க் 2023இல் இதைத் தடையே செய்துவிட்டது. அத்தடை மிகையானது என்று இந்தியாவில் கருதுவோர் உண்டு. இத்தகைய பாதிப்பு அரிதென்பதும் உண்மை. நம் கருத்து இதுதான்: இரண்டு மூன்று மாதப் பயன்பாட்டை ஆராய்ந்தவை பல இருக்க, ஆண்டுக்கணக்கில் உண்பதைப் பற்றிய ஆய்வு மிகக் குறைவாக இருக்கும் ஒரு பொருளை, முடிவுத் தேதி இல்லாத மாதச் சந்தாவாக வாங்குவது முறையன்று.

சந்தா என்றதும் நாம் நன்கறிந்த துறைக்கு வந்துவிட்டோம். அம்மையார் முதற்குப்பியை வாங்கியபோது, 'மாதச் சந்தா எனில் விலைக்குறைப்பு' என்ற கட்டத்தை மகள் தொட்டிருக்கிறார். ஒருமுறைக் கடவுச்சொல் தாயின் கைப்பேசிக்கு வந்தது. அவர் படித்துச் சொன்னார். அத்துடன் ஒப்புதல் பதிவாகிவிட்டது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி இத்தகைய தொடர் பற்றுக்கு முதல் முறை மட்டும் கடவுச்சொல் வேண்டும். 2022 முதல் 15,000 ரூபாய் வரையிலான பிந்தைய பற்றுகளுக்கு அது தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு பற்றுக்கும் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு அறிவிப்பு வந்தாக வேண்டும். அந்த அறிவிப்பிலிருந்தே குறிப்பிட்ட பற்றையோ முழு ஒப்புதலையோ விலக்கிக்கொள்ளும் வசதியும் இருக்க வேண்டும். அம்மையாருக்கு நான்கு முறையும் குறுஞ்செய்தி வந்திருந்தது. விளம்பரங்களோடு விளம்பரமாக, ஆங்கிலத்தில்.

விற்பனையாளரின் செயலியில் சந்தாவை நீக்கினால் மட்டும் போதாது. பற்றுக்கான ஒப்புதல் வங்கியிடமும் பதிவாகியிருக்கும். யூபிஐ வழியே கொடுத்ததாயின் அந்தச் செயலியின் 'ஆட்டோபே' பகுதியிலும், அட்டை வழியே கொடுத்ததாயின் அட்டை வழங்கிய வங்கியின் இணையச் சேவையிலும் நடப்பிலுள்ள ஒப்புதல்களின் பட்டியல் கிடைக்கும். அம்மையாரின் பட்டியலில் மிட்டாயோடு, பேரன் எப்போதோ தொடங்கிய ஒரு பாட்டுச் செயலியும் இருந்தது. இரண்டையும் அவர் முன்னிலையிலேயே நீக்கினோம்.

"அம்மா, குப்பியைக் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். காட்டினார். மாத்திரையின் அளவை மாற்றவிருந்த மருத்துவர் அதை ஒத்திவைத்து, முதலில் மிட்டாயை நிறுத்தச் சொல்லி, ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அம்முறை எண்கள் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தன.

அண்மையில் கணக்குப் புத்தகத்தில் பதிவிட வந்தபோது உறக்கத்தைப் பற்றிக் கேட்டோம். முன்பு போலத்தான் என்றார். மாலைத் தேநீரை மட்டும் நான்கு மணிக்கு முன்பே முடித்துக்கொள்கிறாராம். மீதமிருந்த மிட்டாய்களைப் பேரன் கேட்டு அடம்பிடித்ததாகவும், குப்பியோடு குப்பைக்கு அனுப்பிவிட்டு வட்டத்துக்கு அப்பாலுள்ள இனிப்பகத்தில் அவனுக்குக் கால் கிலோ லட்டு வாங்கிக் கொடுத்ததாகவும் சொன்னார்.