டியூட்டி முடிந்த பிறகு கை கொடுத்தால் கேஸ் வருமா?

‘ஸ்கூபா டைவிங்’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்கி, மீன்களையும் பவழப் பாறைகளையும் பார்த்துவிட்டு வருவது. பெங்களூரில் வேலை பார்க்கும் நம் ஓசூர்ப் பிள்ளைகள் நாலு நாள் லீவு கிடைத்தால் இதற்காகவே புதுச்சேரிக்கும் அந்தமானுக்கும் கிளம்பி விடுகிறார்கள்.

இந்த வித்தையைச் சொல்லிக் கொடுக்கும் மாஸ்டர்களிடையே ஒரு பயம் உண்டாம். தாங்களே லீவு போட்டு, சொந்தக் காசில் வேடிக்கைக்காக முழுகப் போகும்போது, “நான் மாஸ்டர்” என்று சிலர் வாயே திறக்க மாட்டார்களாம். சொல்லி வைத்து, படகில் வந்த யாருக்காவது ஒன்று ஆகிவிட்டால், “தெரிந்தவர் பக்கத்திலேயே இருந்தும் ஏன் காப்பாற்றவில்லை?” என்று கோர்ட்டுக்கு இழுத்து விடுவார்களோ என்ற கவலைதான்.

கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்தக் கதை எதற்கு என்கிறீர்களா? விஷயம் இருக்கிறது. 1974-ல் சிப்காட் வந்த நாளிலிருந்து ஓசூரில் எத்தனையோ தொழிற்சாலைகள். ஒவ்வொன்றிலும் முதலுதவி படித்தவர்கள், தீயணைப்புப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். 150 தொழிலாளிக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது இருக்க வேண்டும், அதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. நர்ஸ் வேலைக்கு எல்லை தாண்டிப் போய் வரும் பெண்களும் நம் ஊரில் ஏராளம். இவர்களெல்லாம் ஷிப்ட் முடிந்து திரும்பும் வழி எது? வண்டிகள் பறக்கும் பெங்களூர் – கிருஷ்ணகிரி நெடுஞ்சாலைதான். அங்கே ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் இவர்கள் மனசிலும் அந்த மாஸ்டரின் பயம்தான்.

எங்கள் தெருவில் ஒரு நர்ஸ் பெண். ஒரு நாள் அத்திப்பள்ளி பக்கம் பைக்கிலிருந்து விழுந்த ஒரு பையனுக்காகப் பஸ்ஸை விட்டு இறங்கினாள். துப்பட்டாவால் காயத்தை அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்தினாள். ஆனால் ஆம்புலன்ஸ் வரும் சத்தம் கேட்டதும் கூட்டத்தோடு கூட்டமாக நழுவி விட்டாள். “நர்ஸுன்னு தெரிஞ்சா நாளைக்குக் கோர்ட்டு கேஸுன்னு அலைய விடுவாங்க அக்கா” என்றாள். எவ்வளவு நேரம் ரத்தம் போயிற்று, நினைவு எப்போது தப்பியது என்று ஆம்புலன்ஸ்காரருக்குச் சொல்லத் தெரிந்தவள் அங்கே அவள் ஒருத்திதான். அந்த விவரம் அவளோடு போயிற்று.

இந்தப் பயம் நியாயமானதுதானா? சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது?

<b>தெரிந்து வைத்திருப்பது குற்றமா?</b>

சட்டம் முதலில் கேட்பது, “உனக்குத் தெரியுமா?” என்பதை அல்ல, “நீ பொறுப்பு ஏற்றிருந்தாயா?” என்பதைத்தான். காசு வாங்கிக்கொண்டு முழுக வைக்கும் கம்பெனிக்குப் பொறுப்பு உண்டு. அதன் சம்பளத்தில் அன்றைக்கு வேலை பார்க்கும் மாஸ்டருக்கும் உண்டு. பக்கத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இன்னொரு மாஸ்டர், சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் உங்களையும் என்னையும் போல ஒரு பிரயாணிதான். சர்டிபிகேட் இருக்கிற ஒரே காரணத்துக்காக ஊரார் உயிருக்கெல்லாம் அவர் ஜவாப்தாரி ஆகிவிடுவதில்லை.

ஆனால் இரண்டு இடத்தில் நிலைமை மாறும். ஒன்று, ஜோடி சேர்ந்து முழுகும்போது. ஸ்கூபாவில் ஒருவருக்கொருவர் துணையாக இரண்டிரண்டு பேராகத்தான் இறங்குவார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கணவனும் மனைவியும் இப்படி ஜோடியாக முழுகினார்கள். மனைவி இறந்து போனாள். கணவன் தன் கருவியைச் சரியாக மாட்டவில்லை என்று அவன்மேல் வழக்கு வந்தது. ஜோடியாக முழுகுகிறவர்களுக்கு ஒருவர்மேல் ஒருவர் ஜாக்கிரதையாக இருக்கும் கடமை உண்டு என்று 2001-ல் கோர்ட் சொன்னது. ஆனாலும் அவனுடைய தவறால்தான் சாவு நேர்ந்தது என்று நிரூபணமாகாததால் நஷ்ட ஈடு விதிக்கவில்லை.

இரண்டாவது, நாமாகப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும்போது. “எல்லாரும் தள்ளுங்க, நான் பார்த்துக்கிறேன்” என்று சொல்லி மற்றவர்களை விலக்கிவிட்டுப் பாதியில் போய்விட்டால், அது தப்பு. கை வைத்தவர், தம்மைவிடத் தெரிந்த இன்னொருவர் வரும்வரை இருக்க வேண்டும். இது சட்டமும் சொல்வது, மனசாட்சியும் சொல்வது.

<b>டாக்டர்களுக்குத் தனி நியாயம்</b>

டாக்டர்கள் விஷயத்தில் நம் சுப்ரீம் கோர்ட் 1989-லேயே கண்டிப்பாகப் பேசிவிட்டது. ஸ்கூட்டரில் போன ஒருவர் கார் மோதி அடிபட்டார். பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால், “இது போலீஸ் கேஸ், இங்கே பார்க்க முடியாது” என்று 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. இதைப் பத்திரிகையில் படித்த பரமானந்த் கட்டாரா என்பவர் வழக்குப் போட்டார். அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் உயிரைக் காப்பாற்றுவதுதான் முதல் கடமை, போலீஸ் சடங்குகள் எல்லாம் அப்புறம் என்று தீர்ப்பாயிற்று. ஆகவே, “போலீஸ் வரட்டும்” என்று எந்த ஆஸ்பத்திரியாவது சொன்னால், தைரியமாக இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

<b>ரோட்டில் உதவினால்</b>

டில்லியில் 2007-ல் சிவம் என்ற 16 வயதுப் பையன் ரோட்டில் அடிபட்டுக் கிடந்தான். நேரத்தில் யாரும் தூக்கிப் போகாததால் இறந்தான். அவனுடைய உறவினரான பியூஷ் திவாரி மறு வருஷமே ‘சேவ்லைஃப்’ என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். ஜனங்கள் ஏன் உதவுவதில்லை என்று அவர்கள் 2013-ல் விசாரித்தபோது, நூற்றுக்கு 74 பேர் உதவ முன்வர மாட்டோம் என்றார்கள். அந்த 74 பேரில் பெரும்பாலோர் சொன்ன காரணம் கல்நெஞ்சு அல்ல. போலீஸ், கோர்ட் என்ற பயம். சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைத்தால் பாதிப் பேரைப் பிழைக்க வைக்கலாம் என்று சட்டக் கமிஷன் 2006-லேயே எழுதியிருந்தது. பயத்துக்கு நாம் கொடுக்கும் விலை எவ்வளவு என்று பாருங்கள்!

அந்த ஸ்தாபனம் போட்ட வழக்கில் 2016 மார்ச் 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட் உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. பிறகு 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2020-ல் விதிகளும் வந்தன. அவற்றின் சாரம் இதுதான்:

பிரதிபலன் எதிர்பாராமல், நல்லெண்ணத்தோடு விபத்து நடந்த இடத்தில் உதவுகிறவர் மீது சிவில் வழக்கும் கிடையாது, கிரிமினல் வழக்கும் கிடையாது. உதவும்போது அவர் கவனம் பிசகி, அதனால் அடிபட்டவருக்குக் கெடுதல் நேர்ந்தாலும்கூடக் கிடையாது.

பெயர், விலாசம், போன் நம்பர் கொடு என்று போலீஸ் கட்டாயப்படுத்தக் கூடாது. சாட்சி சொல்வது அவரவர் இஷ்டம்.

இந்த உரிமைகளை எழுதி ஆஸ்பத்திரி வாசலில் எல்லாரும் படிக்கும்படி மாட்டி வைக்க வேண்டும்.

நர்ஸ் என்றோ முதலுதவி படித்தவர் என்றோ பார்த்து இந்தப் பாதுகாப்பைச் சட்டம் குறைக்கவில்லை. எங்கள் தெருப் பெண் ஓடி ஒளிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை! ஒன்று மட்டும் கவனம். மோதிய வண்டியின் டிரைவர், “நானும் உதவினேன்” என்று இந்தப் பிரிவைக் காட்டித் தப்ப முடியாது. அடிபட்டவரைக் கவனிப்பது அவருக்குச் சட்டம் போட்ட கடமை.

நம்முடையது எல்லைப் பகுதி. ஜூஜுவாடி தாண்டினால் கர்நாடகா. “அந்தப் பக்கம் வேறு சட்டமாச்சே” என்று தயங்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் தேசம் முழுவதற்கும் ஒன்றுதான். போதாததற்குக் கர்நாடகாவில் உதவுகிறவர்களுக்கென்று தனிச் சட்டமும் உண்டு. 2018-ல் ஜனாதிபதியின் சம்மதம் கிடைத்தது. 108 நம்பரும் இரண்டு பக்கமும் ஒன்றே.

<b>தண்ணீரில் உதவினால்</b>

134ஏ மோட்டார் வண்டி விபத்துக்கு மட்டும்தான். கெலவரப்பள்ளி அணையிலோ, கே.ஆர்.பி. அணையிலோ, கடலிலோ ஒருவர் மூழ்கினால் அது பொருந்தாது. ஆனால் அங்கேயும் நாம் நிராதரவாக இல்லை. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 30-ஆவது பிரிவு இருக்கிறது. சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத ஒருவருடைய நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்தது, கெடுதலாக முடிந்தாலும் குற்றமல்ல என்கிறது. நல்லெண்ணம் என்றால் மனசு மட்டும் போதாது. உரிய கவனமும் இருக்க வேண்டும் என்று அதே சட்டம் விளக்குகிறது. கற்றவர் கற்றதைச் செய்யலாம். கற்காததைச் செய்து பார்க்கக் கூடாது. முதலுதவி மட்டும் படித்தவர் ஊசி போடக் கூடாது, அவ்வளவுதான்.

2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கினார்கள். துணி துவைத்துக் குளித்துவிட்டுக் கிளம்பிய மூன்று பெண்கள் தங்கள் புடவைகளை அவிழ்த்து வீசினார்கள். இரண்டு பேரை இழுத்துப் போட்டார்கள்; மற்ற இரண்டு பேரைக் காப்பாற்ற முடியவில்லை. மூவருக்கும் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. சர்டிபிகேட் இல்லாத அந்தப் பெண்களுக்கு இருந்த துணிச்சல், சர்டிபிகேட் வைத்திருப்பவர்களுக்கு வேண்டாமா?

<b>கை கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை</b>

முதலில் 108-க்கு போன். அப்புறம் உங்களுக்கு என்ன தெரியும் என்று உரக்கச் சொல்லுங்கள்.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடியுங்கள். அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது.

நினைவில்லாதவருக்கு சோடாவோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். மூச்சுக் குழலுக்குள் போய்விடும்.

கழுத்திலோ முதுகிலோ அடி என்று தோன்றினால், தீ போன்ற அபாயம் இருந்தாலொழியத் தூக்க வேண்டாம்.

மூழ்குகிறவரைப் பார்த்ததும் குதிக்காதீர்கள். கயிறு, புடவை, கழி எதையாவது நீட்டுங்கள். வெளியே எடுத்தபின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது பழைய பழக்கம், அதை விட்டுவிடுங்கள். மூச்சு இல்லையென்றால், பயிற்சி பெற்றவர் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் வந்ததும் பார்த்ததை, செய்ததை, செய்த நேரத்தை வரிசையாகச் சொல்லிவிட்டு வாருங்கள். பெயர் சொல்ல இஷ்டமில்லையா? சொல்ல வேண்டாம். விவரத்தை மட்டும் விழுங்கி விடாதீர்கள்.

சேவ்லைஃப் 2018-ல் மறுபடி விசாரித்தபோது, இப்படி ஒரு பாதுகாப்பு இருப்பதே நூற்றுக்கு 84 பேருக்குத் தெரியவில்லையாம். சகோதரிகளே, அடிபட்டவரைக் கண்டு இறங்கப் போகும் ஆண்பிள்ளையின் காதில் ஒலிப்பது பல சமயம் வீட்டில் கேட்ட வார்த்தைதான்: “உங்களுக்கேன் ஊர் வம்பு?” அதை மாற்றிச் சொல்லுவோம். ஷிப்டுக்குக் கிளம்பும் கணவரிடமும், பெங்களூர் பஸ் ஏறும் மகளிடமும், “வழியில் யாராவது விழுந்து கிடந்தால் இறங்கிப் பார், சட்டம் உன் பக்கம் இருக்கிறது” என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள்.