உருதுக் காதற்கதைகளில் பெண்ணும் சமயமும் : தமிழ் நாடகமேடையை ஒட்டிய சில கருத்துகள்

தமிழ் நாடக வரலாறு எழுதியோர் பார்சி நாடகக் குழுவினரைப் பற்றிக் கூறுங்கால், அவர்தம் ஓவியத் திரைகளையும், பக்கத் தட்டிகளையும், ஆர்மோனியத்தையும், இந்துத்தானி மெட்டுக்களையும் பற்றியே பெரும்பாலும் கூறிச் செல்வர். அவையெல்லாம் மேடையின் புறவுறுப்புகள். அக்குழுவினர் சுமந்து வந்த கதைகளின் உள்ளீடு யாது, அக்கதைகளில் காதலும் சமயமும் ஆண் பெண் ஒழுகலாறும் எங்ஙனம் அமைந்தன, அவை தமிழ்மக்கள் முன்னரே அறிந்திருந்த கதைகளோடு எங்கே ஒட்டின, எங்கே முரணின என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்பெறவில்லை. இவற்றை எழுப்புதற்கு மதுரை தக்கதோர் இடமாகும். சங்கரதாசு சுவாமிகள் 1918-ஆம் ஆண்டில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவியது இந்நகரிலேயாம். செகந்நாத ஐயரின் பால மீனரஞ்சனி சங்கீத சபையும், ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியும், நவாபு இராசமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபையும் மதுரைப் பெயர் தாங்கியே ஊர்தோறும் சென்றன.

உருது நாடகத்தின் தலையூற்று எனக் கருதப்பெறுவது இலக்குமணபுரியில் ஆகா அசன் அமானத்து என்பார் 1850-களின் தொடக்கத்தில் இயற்றிய 'இந்தர் சபா' ஆகும். அயோத்தி நவாபு வாசித் அலி சாவின் ஆட்சி 1856-இல் ஆங்கிலேயரால் பறிக்கப்படுதற்குச் சில ஆண்டுகள் முன்னர் எழுந்தது அது. பின்னர்ப் பம்பாய்ப் பார்சி குழுவினர் அதனை நாடெங்கும் கொண்டு சென்றனர். இலங்கையிலும் அவர்தம் ஆட்டங்களே சிங்கள 'நூர்த்தி' நாடகத்திற்கு வித்திட்டன. 1892-இல் பிரீடரிக் ரோசன் என்பார் இதனைச் செருமானிய மொழியில் பெயர்த்தார்.

இதன் கதை எளியது. இந்திரனது அவையில் ஆடும் பச்சைப் பரி என்னும் தேவமகள் குல்பாம் என்னும் மானிட இளவரசன்மீது காதல் கொள்கிறாள். உறங்குகின்ற அவனைக் கருந்தேவன் ஒருவனைக்கொண்டு தூக்கிவரச் செய்கிறாள். அவன் வேண்டுகோட்கு இணங்கி இந்திரனது அவைக்குள் மறைவாக அழைத்துச் செல்கிறாள். செய்தி வெளிப்படவே இளவரசன் காபு மலைக் கிணற்றில் தள்ளப்படுகிறான். பரியின் சிறகுகள் அரியப்படுகின்றன. அவள் யோகினிக் கோலம் பூண்டு, பாடித் திரிந்து, தன் இசையாலேயே இந்திரனை மகிழ்வித்து, அவனிடம் பரிசிலாகக் காதலனைக் கேட்டுப் பெறுகிறாள்.

காதலிப்பவளும் கவர்ந்து வருபவளும் தண்டனை ஏற்பவளும் மீட்பவளும் பெண்ணே. இளவரசன் உறங்குகிறான், கிணற்றில் கிடக்கிறான், பின்னர் மீட்கப்படுகிறான். இது கண்டு, உருதுக் கதைகள் பெண்ணுக்கு வரம்பிலா உரிமை தந்தன என்று ஒருசாரார் வியப்பர். அவை பெண்மையை இழிவுபடுத்தின என்று மற்றொரு சாரார் வெறுப்பர். இருசாராரும் ஒன்றை நோக்கவில்லை என்பது எம் கருத்து. இவள் மானிடப்பெண் அல்லள், பரி. மானிடப்பெண் இங்ஙனம் செயற்படுதல் அக்கதை மரபில் அரிது; செயற்பட வேண்டின் வேற்றுக்கோலம் பூணுதல் வேண்டும். மீர் அசன் 1785-இல் முடித்த 'சிகுருல் பயான்' என்னும் மசுனவியில் அமைச்சன் மகள் நச்முன்னிசா தன் தோழியின் காதலனை மீட்கப் புறப்படுகிறாள். யோகினியாக மாறிய பின்னரே அவள் வாயில் கடக்கிறாள். அமானத்தின் பச்சைப் பரி அணிந்த கோலம் இவளிடமிருந்து பெற்றது என்பதில் ஐயமில்லை.

இவ்வமைதி தமிழுக்குப் புதியதன்று. தலைவி தன் வேட்கையைத் தலைவன் முன்னர்ச் சொல்லால் வெளியிடும் மரபில்லை என்பது தொல்காப்பியர் கூறும் களவிலக்கணம். அவ்விலக்கணத்தை மீறித் தானே சென்று வேட்கை உரைப்பவர் நம் காப்பியங்களில் யாவர்? கம்பரில் சூர்ப்பணகை; பாரதக் கதையில் இடிம்பி. இருவரும் அரக்கியர். வாய்திறந்து வேட்கை கூறும் உரிமையை மானிட மகளுக்கு மறுத்து, மானிடர் அல்லாதார்க்கு அளித்த வகையில் இருமொழி மரபும் ஒன்றுபடுகின்றன. வேறுபாடு அவ்வுரிமையின் முடிவிலேதான். சூர்ப்பணகை மூக்கிழந்து பகையாகிறாள். பச்சைப் பரியோ சிறகிழந்தும் தலைவியாகவே நிற்கிறாள். அவையோர் அவள் பக்கமே சாய்கின்றனர்.

இந்திரனவையில் ஆடும் மகள் காதலால் சாபமுறும் கதையும் தமிழர் அறிந்ததே. சிலப்பதிகாரத்து மாதவியின் குலமுதல்வி, சயந்தனை நோக்கி ஆடல் பிழைத்து அகத்தியர் சாபத்தால் மண்ணில் பிறந்த உருப்பசியல்லளோ? மேலும் திருவிளையாடற் புராணத்தின் முதற் படலமே இந்திரன் பழி தீர்ந்தது பற்றியதாகும். ஆகவே மதுரை மாந்தர்க்கு இந்திரன் அயலான் அல்லன். முசுலிம் புலவர் ஒருவர் முசுலிம் மன்னனது நகரில் இயற்றிய நாடகத்தில் இந்திரன் அரசு வீற்றிருப்பதும், அவன் அவையில் பாரசீகப் பரிகள் ஆடுவதும் வடநாட்டார்க்கு வியப்பாகத் தோன்றவில்லை, தென்னாட்டார்க்கும் தோன்றியிராது.

இனி, தமிழகத்தில் மிகுதியும் பரவிய 'குலேபகாவலி' கதையை நோக்குவோம். பாரசீகத்தில் இசத்துல்லா என்னும் வங்கத்தார் 1722-இல் எழுதிய இதனை, கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியின் பொருட்டு 1803-இல் நிகால் சந்து இலாகோரி உருது உரைநடையாக்கினார். அவர் தம் நூற்கு இட்ட பெயர் 'மசுகபே இசுக்'. காதல் மதம் என்பது அதன் பொருள். பின்னர்க் காசுமீரப் பண்டிதராகிய தயாசங்கர் நசீம் இதனைப் பாவாக்கினார். முசுலிம் எழுதிய கதையை இந்துக்கள் இருவர் உருதுவிற் புதுக்கினர் என்பதும், அதற்கு மதம் என்னும் சொல்லையே பெயரில் வைத்தனர் என்பதும் எண்ணத்தக்கன. தமிழில் இக்கதை 1935-இலும் 1955-இலும் திரைப்படமாயிற்று. பின்னதில் எம். சி. இராமச்சந்திரன் நடித்தார்.

தந்தையின் குருடு நீக்கும் மலரைத் தேடிச் செல்லும் இளவரசன் தாசுல்முலூக்கு, பூனை தலையில் விளக்கேந்த எலி காய் புரட்டும் சூதாட்டத்தில் தன் தமையன்மாரை அடிமை கொண்ட தில்பர் என்னும் கணிகையை வெல்கிறான். அரக்கியின் வளர்ப்புமகள் மகுமூதாவை மணக்கிறான். நிலவறை வழியே பகாவலியின் சோலை புகுந்து மலரைக் கவர்கிறான். உறங்கும் பகாவலியின் கணையாழியை மாற்றி அணிந்து மீள்கிறான். இதுகாறும் ஆண்மகனின் கதை. இதன்மேற்றான் கதை சுவை பெறுகிறது. மலர் இழந்த பகாவலி கள்வனைத் தேடி ஆண்வேடம் பூண்டு புறப்படுகிறாள். கள்வனின் தந்தைக்கே அமைச்சனாக அமர்கிறாள். யாரும் ஐயுறாவண்ணம் அரசியல் நடத்துகிறாள். அதே கதையில் தாசுல்முலூக்கு மாயக் காட்டில் ஒரு குளத்தில் மூழ்கி எழுங்கால் பெண்ணாக மாறிவிடுகிறான். பெண் வேடத்தால் ஆணாகிறாள்; ஆண் மாயத்தால் பெண்ணாகிறான். பெண்ணின் மாற்றம் அவள் அறிவால் நிகழ்ந்த வெற்றி. ஆணின் மாற்றம் அவனுக்கு நேர்ந்த அவலம். உயர்வு தாழ்வு பற்றிய எண்ணம் இதனுள் ஒளிந்து கிடத்தல் காண்க.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. அதில் ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு விக்கிரமபுரியை அரசாளுகிறாள். பகாவலிக்கும் இவளுக்கும் நேர்தொடர்பு உண்டெனக் கூறுதற்குச் சான்றில்லை; கூறவும் வேண்டியதில்லை. மணிமேகலை வஞ்சிமாநகரில் மாதவன் வடிவு கொண்டே சமயக் கணக்கர் திறம் கேட்டாள். பெண் தன் அறிவை ஊரறியப் பயன்படுத்த ஆணுருவம் வேண்டும் என்பது தமிழ்நிலத்தும் வழங்கிய கருத்தே. உருது நாவலிலோ இக்காலப்பகுதியில் வேறொரு வழி திறந்தது. நசீர் அகமது 1869-இல் வெளியிட்ட 'மிராத்துல் உரூசு' நூலின் அசுகரி வேடம் எதுவும் பூணாள், வாயிலும் கடவாள், வீட்டுக் கணக்கும் கல்வியும் கொண்டே குடும்பத்தை நிமிர்த்துகிறாள். ஆங்கில அரசு அந்நூற்குப் பரிசு அளித்தது. பரியின் சிறகும் யோகினியின் வீணையும் அங்கே இல்லை. அறம் மிக்கது, ஆயின் பகாவலியை நினைந்தவர் அசுகரியை நினைந்தனரா என்பது ஐயமே.

பகாவலியின் கதை முடிவில் சமயமும் பெண்மையும் ஒருங்கே முட்டுகின்றன. மானிடனைக் கூடியதால் அவள்மேல் மனித வாடை வீசுவதறிந்து இந்திரன் நாள்தோறும் தீயிலிட்டுத் தூய்மை செய்தே அவளை ஆடவிடுகிறான். ஈற்றில் அவள் பரிசிலாகக் கணவனைக் கேட்க, இடைக்குக் கீழே பன்னிரண்டாண்டு பளிங்காகுக எனச் சபிக்கிறான். சிங்களத்தீவின் கோயிலொன்றில் அவள் அங்ஙனம் கிடக்கிறாள். ஆங்குள்ள அரசன் மகள் சித்ராவத்து தாசுல்முலூக்கை மணந்தபின், அக்கோயில் இடிக்கப்படுகிறது. இடித்த நிலத்தில் முளைத்த கடுகை உண்ட உழவன் மனைவி வயிற்றில் பகாவலி மகளாய்ப் பிறந்து, வளர்ந்து, கணவனை அடைகிறாள். அகலிகை முழுதும் கல்லானாள்; இவள் பாதியே கல்லானாள். பேசும் வாயும் காணும் கண்ணும் எஞ்ச, நடக்கும் கால் பறிபோயிற்று. பறக்கும் பரி, நிலத்தில் விளைந்த கடுகின்வழி உழவர்மகளாவதே காதல் மதத்தின் முடிவு. மானிடக் காதலுக்குத் தகுதி பெற அவள் தேவத்தன்மையை இழத்தல் வேண்டியதாயிற்று.

மதுரைக் கதைகளை இதனோடு வைத்துக் காணுதல் இன்றியமையாதது. தடாதகை திக்குவிசயம் செய்து கயிலையை அடைந்து சிவனைக் கண்டதும் ஒரு தனம் மறையப்பெற்றாள். புகழேந்தியார் பெயரால் வழங்கும் அல்லியரசாணி மாலையில் ஆடவரை வெறுத்து மதுரையை ஆண்ட அல்லியைப் பார்த்தன் பாம்புருக்கொண்டு அணுகி, அவள் உறங்குங்கால் தாலி கட்டுகிறான். பகாவலி உறங்குங்கால் கணையாழி மாறியது. அல்லி உறங்குங்கால் தாலி ஏறியது. இவ்வொற்றுமை தற்செயல் எனினும், ஆளும் பெண் விழித்திருக்கையில் வெல்லப்படாள் என்னும் எண்ணம் இருமரபிற்கும் பொது என்பது தெளிவு.

ஆயினும் மணத்திற்குப் பின் நிகழ்வன வேறு. தாசுல்முலூக்கின் மனைவியர் தில்பர், மகுமூதா, பகாவலி, சித்ராவத்து என நால்வர். இசுலாமிய நெறி விதித்த எல்லையை இவ்வெண் கடவாமை நோக்கத்தக்கது. தில்பரும் மகுமூதாவும் பிற மனைவியரைப் பற்றி முறையிடுதல் அரிது. பார்த்தனுக்கும் மனைவியர் பலர். ஆயின் பவளக்கொடியை அவன் நாடியபோது அல்லி சும்மா இருந்தாளில்லை. மேடையில் அல்லியின் சினமே பவளக்கொடி நாடகத்தின் உயிர். பரத்தையிற் பிரிவும் ஊடலும் மருதத்திணையிலிருந்து கூத்து மேடை வரை இடையறாது வந்த தமிழ்மரபு. உருது மசுனவியில் ஊடலுக்கு வாயில் இன்மையாற்போலும் சித்ராவத்தின் பொருட்டுக் கோயிலே இடிபட நேர்ந்தது.

சமயத்தைப் பொறுத்தவரை மற்றொரு வேறுபாடு உண்டு. இலைலா மச்னூன் கதையைச் சூபியர் இறைக்காதலின் உருவகமாகக் கொள்வர். அங்கே உயிர் மச்னூனாகிய ஆண். இறை இலைலாவாகிய பெண். நம் ஆழ்வார் நாயன்மார் பாடல்களிலோ உயிர் தலைவி, இறை தலைவன். இவ்விரு நெறியும் தமிழிலேயே சந்தித்த இடமொன்று உண்டு. குணங்குடி மத்தான் சாகிபு இறையை மனோன்மணி என்னும் பெண்ணாக விளித்துத் தாம் காதலராய் நின்று பாடினார். மொழி தமிழ், கண்ணி தமிழ். காதலின் திசை மட்டும் பாரசீகத்தினது. உருதுக் கதைகள் மேடையேறுதற்கு முன்னரே, 1838-இல் மறைந்த இச்சித்தர் வழியாக அத்திசை தமிழில் இடம்பெற்றுவிட்டது என்பதை இலக்கிய வரலாறு உரியவாறு குறிக்க வேண்டும்.

பிற்கால உருது நாடகம் சமயப் பிணக்கை நேரே எடுத்துக்கொண்டது. ஆகா அசர் காசுமீரியின் 'யகூதி கீ லட்கீ' நாடகத்தில் உரோம இளவரசன் யூதனென நடித்து யூதன் மகளைக் காதலிக்கிறான். முடிவில் அவள் பிறப்பால் உரோமப் பெருமகன் ஒருவன் மகள் என வெளிப்படுகிறது. வினா எழுப்பிய ஆசிரியர் விடை கூறாது பிறப்பின் மறைவைத் துணைக்கொண்டு தப்பினார் என்றே யாம் கருதுகிறோம். பரிக்கதைகள் இவ்வளவு கோழைமை காட்டவில்லை.

இவையனைத்தையும் மேடையில் ஆடியவர் யார் என்பதையும் மறத்தலாகாது. பார்சி மேடையில் மேரி பெண்டன் போன்ற நடிகையர் சிலர் தோன்றினும் பெண்கோலம் பெரும்பாலும் ஆடவரதே. மதுரைப் பாலர் சபைகளில் 'ஸ்திரீபார்ட்' சிறுவருடையது. 1935-இல் வெளிவந்த 'பக்த இராமதாசு' படத்தில் பெண்பாத்திரங்களையும் ஆடவரே ஏற்றனர். இதற்கு மாறாகக் கும்பகோணம் பாலாமணி அம்மையாரின் குழு முழுவதும் பெண்டிராலானது. ஆண்கோலமும் அவர்களே பூண்டனர். பெண் வேடமிட்ட சிறுவன், கதையின்படி ஆண்வேடம் பூணும் பகாவலியாக நடிக்குங்கால் அவையோர் கண்டது எதனை? பசுமலையில் வாழ்ந்த நாவலர் சோமசுந்தர பாரதியார் 'தசரதன் குறையும் கைகேயி நிறையும்' எழுதிக் காப்பியப் பெண்ணொருத்தியின் வழக்கை மறுவிசாரணைக்குக் கொணர்ந்தார். மேடைப்பெண்டிர்க்கு அங்ஙனம் வழக்குரைத்தார் அரியர். மேடைப் பாடற்புத்தகங்களும் பெரிய எழுத்துப் பதிப்புகளும் இலக்கியம் அல்ல எனத் தள்ளப்பட்டு அழிந்து வருகின்றன. எஞ்சியவற்றைத் திரட்டி, ஒரே கதையின் உருது வடிவையும் தமிழ் வடிவையும் காட்சிதோறும் ஒப்பிட்டு, எவ்விடத்தில் தமிழ் ஆசிரியன் பெண்ணின் வாய்ச்சொல்லைக் கூட்டினான், எவ்விடத்தில் குறைத்தான் எனக் காணுதல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். அதற்கு உருது எழுத்தறிவு முதற்கண் வேண்டும்.